அடைக்கலம் பில்டிங்கில் அறைகள் சிறுத்த வருஷம்

உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், பாரிமுனையின் சந்தடிக்கு நடுவே, மூன்று மாடியும் வக்கீல்களாலேயே நிரம்பியிருந்த அடைக்கலம் பில்டிங்கில் அறைகள் சிறுக்கத் தொடங்கியது, கோர்ட்டுகள் கம்ப்யூட்டருக்குள் குடிபோன மறுவருஷம். நோய் வந்தது, போனது. அதோடு கூட வந்த பழக்கம் மட்டும் போகவில்லை. மேலே கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் கீழே லுங்கியுமாக வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் குக்கர் விசில் அடிக்க அடிக்க "மைலார்ட்" போடப் பழகிவிட்ட வக்கீல்களுக்கு, பஸ் பிடித்து, படியேறி, மூச்சு வாங்கி, அந்த அறைக்குள் போய் உட்கார வேண்டும் என்று என்ன தலையெழுத்து? வக்கீல் வராத அறை முதலில் தூசி பிடித்தது, அப்புறம் பூஞ்சை பிடித்தது, அப்புறம் சிறுத்தது. துவைத்த சட்டை ஏன் சிறுத்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை, இதையும் செய்யவில்லை.

முதலில் பார்த்தவர் கட்டிடத்தின் சொந்தக்காரர் சொக்கலிங்கம் செட்டியார். இரண்டாம் மாடியில் மார்பளவில் தொங்கிய ஒரு பூட்டு இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. அடுத்த வாரம் முழங்காலுக்கு வந்தது. அறை நாலு பக்கமும் உள்வாங்கி, மேஜை, நாற்காலி, சட்டப் புத்தக அலமாரி, ஏசி, சாமி படம், வாசலில் மாட்டிய பித்தளைப் பெயர்ப்பலகை எல்லாம் அதனதன் அளவுக்குக் குறைந்து, வெறுந்தரைக்கு நடுவே ஒரு பெட்டியாக நின்றது. செட்டியார் பயந்தது அறைக்காக அல்ல, வாடகைக்காக. சதுர அடிக்கு இவ்வளவு என்று அக்ரிமெண்ட் எழுதி வைத்துவிட்டுப் போனவர் அவருடைய தாத்தா. வக்கீல்களிடம் போய் அக்ரிமெண்டில் ஓட்டை இருக்கிறது என்று வாதாட முடியுமா? அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, குப்புறப் படுத்து அளந்துவிட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டே போனார்கள். வக்கீல் சங்கம் கூட்டம் போட்டு, இது குடியிருப்பவரின் குற்றம் அல்ல, சாதாரணத் தேய்மானம்தான் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

அறைகள் கைக்கு அடங்குகிற அளவுக்கு வந்ததும் ஆளாளுக்கு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். சிலர் ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்கள், சிலர் பூஜை அலமாரியில் வைத்தார்கள், வாஸ்து பார்ப்பவர்கள் கன்னி மூலையில் வைத்தார்கள். அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி, விசாரணையின்போது முதுகுக்குப் பின்னால் அறையை வைத்தால் காமிராவில் முழுச் சேம்பரும் தெரிகிறது, நீதிபதிகள் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதோடு ஊரே மாறிப்போயிற்று. பெரிய அறை வேண்டாம், நன்றாகச் சிறுத்த, புத்தகம் நிறைந்த அறைதான் வேண்டும் என்று ஆள்கள் தேடி அலைந்தார்கள். பாரிமுனைச் சந்துகளில் கடிகாரம் விற்றவர்கள் அறை வைக்கக் கண்ணாடிக் கூடு விற்றார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள், "மாப்பிள்ளைக்குச் சொந்தமா ரூம் இருக்கா?" என்று கேட்டால், மாமியார்க்காரி முந்தானையால் துடைத்துக்கொண்டே எடுத்து வந்து காட்டினாள். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்.

காலியான இடமெல்லாம் ஒரே நடைபாதையாக அகன்றுவிட, செட்டியார் அதில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். யாரும் பெரிதாக வரவில்லை. புறாக்களும், இருட்டிய மூலைகளில் பெருச்சாளிகளும் வந்தன.

இதையெல்லாம் பார்த்துச் சிரிக்காதவள் வக்கீல் செண்பகவல்லி ஒருத்திதான். மூன்றாம் மாடியில் அவளுக்கும் ஓர் அறை இருந்தது. மேடவாக்கத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள் தாரிணியோடு தனியாக இருந்த அவளுக்கு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது கடவுளே கொடுத்த வரம். ஆனாலும் பயந்தாள். கடைசியாகப் போனபோது வாசல் நிலை அவள் தோளுக்கு வந்திருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தபோது, பின்னால் கதவு சாத்திக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்து, வேண்டிய கேஸ் கட்டைக்கூட எடுக்காமல் ஓடி வந்தவள்தான். அப்புறம் போகவில்லை. போகவில்லை என்று கட்சிக்காரர்களிடம் சொல்லவும் இல்லை. வக்கீல் தொழிலில் ஒரு வார்த்தை உண்டு; டாக்டருக்கு "ஒண்ணுமில்ல" மாதிரி, தையல்காரருக்கு "நாளைக்கு" மாதிரி. கட்சிக்காரர் சேம்பருக்கு வந்துவிட்டுப் போன் பண்ணினால், படுக்கையில் இருந்தாலும் குளியலறையில் இருந்தாலும் வக்கீல் சொல்ல வேண்டியது அதுதான்: "உக்காருங்க, வந்துட்டே இருக்கேன்." செண்பகவல்லி சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே அதைச் சொல்லுவாள்.

அந்த வாரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் தேசம்மாள். கால்வாய் ஓரத்தில் அவள் கட்டிய ஓட்டு வீட்டை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இடிக்காமல் இருக்கத் தடை வாங்கித் தரச் சொல்லி செண்பகவல்லியிடம் வந்தவள். மீன் விற்கிற பொம்பிளை, குள்ளம், சத்தமாகப் பேசுவாள். லிங்க் அனுப்புகிறேன், வீட்டிலிருந்தே பேசலாம் என்றால், "மூஞ்சப் பாக்காம இன்னா மேடம் கேசு?" என்பாள். நிலைக்கு மேலே இருக்கிற சாவியை எடுத்துத் திறந்துகொண்டு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். காலையில் போன் பண்ணினாள்; வந்துட்டே இருக்கேன் என்றாள் செண்பகவல்லி. மறுநாளும் போன், மறுநாளும் அதே பதில். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டு மறுபடி வருகிறாள் என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வது சுலபம்.

நவராத்திரி வந்தது. மயிலாப்பூரில் சீனியர் அனந்தபத்மநாபன் வீட்டுக் கொலுவுக்குச் செண்பகவல்லி போனாள். அவரிடம்தான் ஜூனியராக இருந்து தொழில் கற்றவள். ஒரு காலத்தில் அடைக்கலம் பில்டிங்கின் முதல் மாடியில் பாதி அவருடைய சேம்பர். இப்போது அது கொலுவின் மூன்றாம் படியில், செட்டியார் பொம்மைக்கும் பழக்கூடைக்கும் நடுவே, வெற்றிலைப் பெட்டி அளவில் உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்து, "அச்சு அசல் அப்படியே இருக்கே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

"நாளுக்கு நாள் இன்னும் சின்னதாறதும்மா," என்று சீனியர் குறைப்பட்டார். "காமிராவில புஸ்தகம் தெரிய மாட்டேங்கறது. செட்டியார்ட்ட சொல்லி வெச்சிருக்கேன், யாராவது போட்டுட்டுப் போன ரூம் இருந்தா எடுத்து வைங்கோன்னு."

செண்பகவல்லி குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உள்ளே பெஞ்சில் மூன்று பொம்மைகள் வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. சுண்டலை வாயில் போட்டாள். அப்போது மடியில் மஞ்சப்பை வைத்திருந்த பொம்மை, பையை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தது.

செண்பகவல்லி சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சார், உள்ள ஆள் இருக்காங்க."

"கட்சிக்காராதான்," என்றார் சீனியர். அவர் குரலில் ஒரு குற்றமும் இல்லை. "சிறுக்கறச்சே உள்ள இருந்திருக்கா. ஃபேன் இருக்கு, பெஞ்சு இருக்கு, சௌகரியமாத்தான் இருக்கா. வந்துண்டே இருக்கேன்னு சொல்லியிருக்கேன். அவாளும் ஒண்ணும் கேக்கலை."

சுற்றி நின்ற மாமிகளில் ஒருத்தி, "பாவம், பொறுமையானவா," என்றாள். இன்னொருத்தி பாடச் சொன்னார்களே என்று ஸ்ருதிப் பெட்டியைத் தேடினாள். அந்தக் கூடத்தில் ஒருத்தர் முகத்திலும் பயம் இல்லை என்பதுதான் செண்பகவல்லியைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. தாம்பூலத்தை வாங்காமல் வெளியே வந்து, தெருவில் நின்று, தேசம்மாளுக்குப் போன் போட்டாள்.

குரல் கொசு பாடுகிற மாதிரி வந்தது. "இங்கதான் மேடம் குந்திக்கினு இருக்கேன். ஸ்டே கைல வராம ஊட்டுக்குப் போறதில்லன்னு சாமி மேல ஆணை வெச்சிக்கினேன். பன்னு இருக்குது, பாத்ரூம்ல தண்ணி வருது. ஆனா வெளில இன்னாமோ ஆயிப்போச்சு மேடம். நடைபாதை மைதானம் கணக்கா நீண்டுக்கினு போவுது. ஒரு பெருச்சாளி வந்துச்சு, லாரி ஒசரம் இருக்குது. கதவச் சாத்தி பீரோவ முட்டுக் குடுத்துருக்கேன். நீங்க வர்றீங்க இல்ல?"

வாய் பழக்கத்தில் அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. செண்பகவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தேசம்மாளின் மனு விசாரணைக்கு வருகிற நாள் அது. விடிந்ததும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, வக்கீல் கவுனை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அடைக்கலம் பில்டிங்குக்கு ஓடினாள். மூன்றாம் மாடியில் அவள் அறை, சுவரோரமாக, ஒரு செருப்புப் பெட்டி அளவில் இருந்தது. ஜன்னலில் டியூப்லைட் வெளிச்சம். கதவருகே சுவரில் புதிதாக நகம் பிராண்டிய கோடுகள். ஜன்னல் கம்பி ஒன்று பல் பட்டு வளைந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், வக்கீலம்மா," என்றார் பின்னால் வந்த செட்டியார். "இனி வர மாட்டேன்னு சாவியைக் குடுத்துட்டுப் போனாங்க பாருங்க, அவுக ரூமெல்லாம் அப்படியே கிடக்கு, ஒரு அங்குலம் குறையல. வரேன் வரேன்னு சொல்லி ஆளை உக்கார வச்சுட்டு வராம இருக்காக பாருங்க, அவுக ரூம்தான் சிறுக்குது, உள்ள இருக்கிற ஆளோட சேர்த்து. இதை யாருகிட்டச் சொல்ல? சொன்னா, கட்டிடம் சரியில்லைன்னு என் மேலயே கேசு போடுவாக."

"பழையபடி பெருசாகாதா?"

"கறந்த பால் மடி புகுமா? நான் பார்க்கல. ஒருவேளை வரேன்னவுக நெசமாவே உள்ள வந்து நாற்காலில உக்காந்தா ஆகுமோ என்னமோ. வாசல் இந்த அளவுக்கு வந்தப்புறம் யாரு நுழையறது?" செட்டியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அவள் நிறைய நேரம் அந்தச் சின்ன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், பெருச்சாளியிடமிருந்தாவது காப்பாற்றலாம். மகள் படிக்கிற மேஜைக்குப் பக்கத்தில் வைக்கலாம். அது வெற்றிலைப் பெட்டியாகும், தீப்பெட்டியாகும், கடுகாகும். ஒருநாள் பெருக்கித் தள்ளும்போது விளக்குமாற்றில் போகும். போகும்போதும் உள்ளே பெஞ்சில் ஒருத்தி, மேடம் வருவாங்க என்று உட்கார்ந்திருப்பாள். இதை நினைத்தபோதுதான் அவளுக்கு வழி தெரிந்தது. காத்திருக்கிறவர்கள்தானே சிறுக்கிறார்கள்? வக்கீலாக இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கட்சிக்காரருக்காகக்கூடக் காத்திருந்ததில்லை.

கவுனை மாட்டிக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, போன் போட்டாள். "தேசம்மா, நான் உங்க வாசல்லதான் இருக்கேன். கதவத் திறந்து வெளிய வாங்கன்னு கூப்பிடுவேன். நீங்க 'வந்துட்டே இருக்கேன்'னு மட்டும் சொல்லணும். வரக் கூடாது. நான் எப்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லணும்."

"பொய் சொல்லணுமா மேடம்?"

"ஆமா."

"அது நீங்க பாக்குற வேலையாச்சே," என்றாள் தேசம்மாள். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தன்னால் ஆகுமா என்று யோசித்தாள். அப்புறம், "செரி, கேளுங்க," என்றாள்.

செண்பகவல்லி கேட்டாள், தேசம்மாள் வந்துக்கினே இருக்கேன் என்றாள்; கேட்டாள், செருப்பு மாட்டிக்கினு இருக்கேன் என்றாள்; கேட்டாள், இதோ தாப்பாள் மேல கை வெச்சிட்டேன் என்றாள். மீன் விற்றவளுக்குப் பேச்சுச் சொல்லித்தர வேண்டுமா, நேரம் ஆக ஆக அவள் சொல்லுகிற பொய்க்கு மெருகு ஏறியது, கேட்கிறவளே ஒவ்வொரு தடவையும் நம்பிக் கதவைப் பார்த்தாள், பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது, கால் மரத்தது, கோபம் வந்தது, கோபம் போய் இனி வரவே மாட்டாளோ என்ற பயம் வந்தது. அந்தப் பயம் வந்த பிறகுதான் தரையின் கல் ஒவ்வொன்றும் பாயளவுக்கு விரிந்தது. புறா இறகு ஒன்று தென்னை மட்டையாகப் பக்கத்தில் கிடந்தது. கூரை மேலே மேலே போய் மங்கிற்று. தானும் கவுனும் கைப்பையும் போனும் ஒன்றாகக் குறைகிறோம் என்பது அவளுக்குக் குளிர்கிற மாதிரி ஒரு உணர்வாக மட்டும்தான் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் தாரிணி கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் பாதி நாளோடு விட்டுவிட்டதாம்; வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாளாம். "பசிக்குதும்மா. எப்ப வருவ?"

"வந்துட்டே இருக்கேன்டா," என்றாள் செண்பகவல்லி. அதோடு சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது.

அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசல் நிலை அவள் தலைக்கு மேலே இருந்தது. நடைபாதையின் கோடியில் இருட்டு அசைந்தது. முதலில் நாற்றம் வந்தது, அப்புறம் பாயைத் தரையில் இழுக்கிற மாதிரி சத்தம் வந்தது. செண்பகவல்லி இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். "தேசம்மா, இப்ப நெசமா வாங்க!" என்று கத்தினாள். உள்ளே பீரோ நகர்கிற சத்தம், தாழ்ப்பாள் சத்தம். கன்னத்தில் ஈர மூச்சு பட்டபோது கதவு திறந்தது, ஒரு கை அவள் கவுனைப் பிடித்து உள்ளே இழுத்தது. கதவு சாத்திக்கொண்டது. வெளியே அது வெகுநேரம் பிராண்டிவிட்டுப் போயிற்று. இரண்டு பெண்களும் பீரோவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

"வந்துட்டியா மேடம்," என்றாள் தேசம்மாள் கடைசியில். பன்னைப் பிய்த்துப் பாதியைக் கொடுத்தாள்.

அறை எப்போதும் இருந்த மாதிரியே இருந்தது. செண்பகவல்லி எழுந்து போய், தூசி தட்டாமல், தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவருக்குள் ஏதோ முறிகிற மாதிரி டொப்பென்று ஒரு சத்தம். சிறுத்ததில் இறுகிப்போயிருந்த அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. வளைந்த ஜன்னல் கம்பி சட்டத்திலிருந்து ஒரு விரற்கடை விலகி நின்றது. அறை வளர்ந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் வளர்ந்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடிக்கவில்லை, கீழே இருந்து படி அதிர்ந்தது. சீனியரின் டிரைவரிடம் பேசிக்கொண்டு வந்த செட்டியாரின் குரல் இடி மாதிரி உருண்டது. "அந்த வக்கீலம்மாவா? இங்கதான் உக்காந்திருந்தாக. பார்த்துட்டுப் போயிட்டாக போல. எல்லாரும் அப்படித்தான். சீனியர் கேட்டாருன்னா எடுத்துக்கிட்டுப் போங்க, இங்க கெடந்தா எலிதான் திங்கும்." இருவரும் ஜன்னலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு தரை மேலே எழும்பிற்று. பெஞ்சு ஒரு பக்கமாகச் சரிந்தது, சட்டப் புத்தகங்கள் கொட்டின. கார் டிக்கியின் இருட்டில், தேசம்மாள் தனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். கூப்பிட வேறு யாரும் இல்லை. அவளுடைய பட்டன் போனில் இருந்தது ஒரே நம்பர், அது செண்பகவல்லியின் நம்பர். செண்பகவல்லியின் சார்ஜர் வீட்டில் இருந்தது, மகளின் நம்பர்கூட அவளுக்கு மனப்பாடம் இல்லை.

அறை ஓர் அலமாரித் தட்டில் இறங்கி நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை தெரிந்தது. மலை அல்ல, நரைத்த பின்னந்தலை, சீனியர் அனந்தபத்மநாபனுடையது. அதற்கு அப்பால் சினிமாத் திரை போல லேப்டாப், அதில் நீதிபதியின் முகம். தட்டில் பக்கத்திலேயே முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கட்டிடம் இருந்தது. நேற்று கொலுவில் வெற்றிலைப் பெட்டி அளவில் பார்த்த சீனியரின் சேம்பர்தான், இப்போது தீப்பெட்டி. அதன் ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. செண்பகவல்லி அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

கேஸ்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். "தேசம்மாள், மனுதாரர். மனுதாரர் தரப்பில் யார்?" நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "வக்கீல் இல்லையா? ஆஜராகவில்லை என்றால் தள்ளுபடிதான்."

செண்பகவல்லி மேஜையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, ஜன்னல் கம்பி வழியாக இரண்டு கையையும் நீட்டி ஆட்டினாள். "மைலார்ட், நான் இருக்கேன். ஆஜராகியிருக்கேன். மனுதாரர் என் பக்கத்தில் இருக்காங்க." கவுன் பறந்தது. பின்னந்தலை லேசாக அசைந்தது; பாய் அகலக் கை ஒன்று எழும்பி, கொசுவை விரட்டுகிற மாதிரி காதோரம் வீசிவிட்டு இறங்கியது. அந்தக் காற்றில் அவள் மேஜையிலிருந்து விழப் பார்த்தாள், தேசம்மாள் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். "மிஸ்டர் அனந்தபத்மநாபன், உங்களுக்குப் பின்னால் ஜன்னலில் யாரோ கை காட்டுகிறார்களே. யார் அது?"

மலை திரும்பிற்று. ஜன்னல் முழுக்க ஒரு கண் வந்து நின்றது. அது கறுப்பு கவுனைப் பார்த்தது, வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பார்த்தது, தான் தொழில் சொல்லிக்கொடுத்த பெண்ணின் முகத்தைப் பார்த்தது. மெதுவாகத் திரும்பிக்கொண்டது.

"கட்சிக்காரர்கள், மைலார்ட்," என்றார் சீனியர். "காத்திருக்கிறார்கள்."

நீதிபதிக்கு மனசு முழுதாக ஒப்பவில்லை போலிருந்தது. இன்னொரு தடவை ஜன்னலையே பார்த்தார். "சரி, அந்த மனுவைத் தள்ள வேண்டாம். மற்ற கேஸெல்லாம் முடிந்ததும் மறுபடி கூப்பிடுங்கள்," என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போனார்.

"இன்னா மேடம் சொல்றாரு?"

செண்பகவல்லி மேஜையிலிருந்து இறங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கட்சிக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஸ்டே கிடைக்கவில்லை, கேஸும் போகவில்லை, கடைசியில் கூப்பிடுவார்கள், கூப்பிடும்போது கேட்கிற மாதிரி கத்த வேண்டும், கத்தினாலும் கேட்குமா என்று தெரியாது.

தேசம்மாள் கவனமாகக் கேட்டாள். "மீன் மார்க்கெட்ல கத்துன தொண்ட இது. ரெண்டு பேரும் சேந்து குரல் வுடுவோம்," என்றாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். "பாத்தியா மேடம், அவரு தல சின்னதா ஆவுது." உண்மைதான். முதலில் பின்னந்தலையின் ஒரு பாதிதான் ஜன்னலுக்குள் அடங்கியது. இப்போது காதும் தெரிந்தது. சுவருக்குள் மறுபடி டொப்பென்று கேட்டது. சிறுத்த அறைகளிலேயே வளர்கிற அறை இது ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் இந்தத் தட்டை முறித்துக்கொண்டு கீழே இறங்கினாலும் இறங்கும். தேசம்மாள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்து, "குந்து மேடம்," என்றாள்.

செண்பகவல்லி உட்கார்ந்தாள். தேசம்மாள் மீதிப் பன்னை அவள் கையில் வைத்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஊட்ல யாருன்னா இருக்காங்களா?"

"பொண்ணு இருக்கா."

"தனியாவா? அதுகிட்ட இன்னா சொல்லிட்டு வந்த?"

பன் கையிலேயே இருந்தது. செண்பகவல்லி எழுந்து ஓடிப்போய்ப் பீரோவைத் தள்ளிக் கதவைத் திறந்தாள். வாசலுக்குக் கீழே அலமாரித் தட்டின் விளிம்பு. விளிம்புக்கு அப்பால் கூடம், கூடத்துக்கு அப்பால் தெரு, தெருக்களுக்கெல்லாம் அப்பால் எங்கோ மேடவாக்கம்.

"வந்துட்டே இருக்கேன்னு சொன்னேன்," என்றாள்.